ஃபெயிலாகப் படித்தவள்

சின்னவளுக்கு வேலை கிடைக்காமல் போனதற்குக் காரணம் தகுதி இல்லாமை அல்ல. தகுதி அவளிடம் ஒன்றுக்கு இரண்டாக இருந்தது. கோளாறே அங்கேதான்.

முதல் தகுதி, அரசியல் அறிவியலில் முதுகலைப் பட்டம். ஐந்து வருடம் பஸ் ஏறி இறங்கி, கைடு வாங்கி, கைடில் அடிக்கோடு போட்டதை மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்த அன்றே அத்தனையையும் மண்டையை விட்டுத் துரத்திவிட்டு வாங்கியது. இரண்டாவது, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவதற்கான குறுகிய காலச் சான்றிதழ். கிடங்குகளில் பார்த்திருப்பீர்கள். முன்னால் இரண்டு இரும்புக் கைகளை நீட்டிக்கொண்டு, பெட்டி அடுக்கிய பலகையை அப்படியே தூக்கிக் கொண்டுபோய் உயரத்தில் வைக்குமே, அந்த வண்டி. பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு போன இடத்திலெல்லாம் "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். யாரும் சொல்லவும் இல்லை, அனுப்பவும் இல்லை. அந்தக் கடுப்பில் போய்ச் சேர்ந்த படிப்பு இது. சேர்ந்த பிறகுதான் அது தனக்குப் பிடித்திருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. தூக்கு என்றால் தூக்குகிறது, வை என்றால் வைக்கிறது. வாழ்க்கையில் வேறு எதுவும் அவள் பேச்சை இப்படிக் கேட்டதில்லை.

அவள் தங்கியிருந்தது அக்கா வீட்டு ஹாலில், இன்னும் சரியாகச் சொன்னால் ஹாலில் கிடந்த சோபாவில். அத்தான் கெட்டவர் இல்லை. ஆனால் செய்திச் சேனலில் நாலு பேர் ஒருவரைப் பார்த்து ஒருவர் கத்தித் தீர்க்கும்வரை சோபாவை விட்டு எழுந்திருக்க மாட்டார். அவர் எழுந்தால்தான் இவள் படுக்கலாம். படுத்தாலோ, காலையில் பேப்பர் படிக்க அவர் வந்து காலடியில் உட்கார்ந்துவிடுவார். தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, உள்ளே தான் மட்டும். சின்னவளின் லட்சியம் அவ்வளவுதான்.

சோப்புக் கம்பெனிக் கிடங்கின் மேலாளர் அவளை வண்டி ஓட்டச் சொல்லிப் பார்த்தார். அவள் ஒரு பலகை நிறையப் பெட்டியைத் தூக்கி, இரண்டு அடுக்குகளுக்கு நடுவே வளைத்து, மூன்றாம் தட்டில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு இறங்கினாள். மேலாளருக்கு வாயெல்லாம் பல். வருடக் கடைசியில் சரக்குக் கணக்கெடுப்பு வருகிறது, அதற்குள் வந்து சேர்ந்தால் வண்டி அவளுக்குத்தான் என்றார். ஆணையத்தில் ஒரு முத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும், அது சும்மா ஒரு சம்பிரதாயம் என்றும் சொன்னார். சம்பிரதாயம் என்ற சொல் காதில் விழுந்ததுமே அவள் உஷாராகியிருக்க வேண்டும். சந்தோஷத்தில் இருப்பவர்களுக்கு அதெல்லாம் எங்கே தோன்றுகிறது?

தகுதிச் சீரமைப்பு ஆணையம் என்பது பெரிய கட்டிடம். அது பிறந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் சான்றிதழ்காரர்களுக்கு வேலை கிடைக்கவில்லை, பட்டதாரிகள் பறித்துக்கொள்கிறார்கள் என்று கூச்சல் எழுந்தது. விசாரித்துப் பார்த்தால் பட்டதாரிகளுக்கும் வேலை கிடைக்கவில்லை. இரு தரப்புக்கும் கிடைக்காத ஒரு பொருளை எப்படி நியாயமாகப் பங்கிடுவது என்று ஆராயத்தான் இந்த ஆணையம். அதில் ஏராளமான பேருக்கு வேலை கிடைத்தது. எல்லோரும் அதற்கு முன்பே வேலையில் இருந்தவர்கள்.

கணினி முன் உட்கார்ந்திருந்த பெண் குமாஸ்தா சின்னவளின் இரண்டு தகுதிகளையும் பதிவு செய்தார். பதிவு செய்த கையோடு முகத்தைச் சுளித்தார்.

"உங்க சான்றிதழைக் காணோமே."

"இதோ, உங்க கையிலதானே மேடம் இருக்கு."

"கையில இருக்கு. சிஸ்டத்துல இல்ல. பட்டம் முழுங்கிடுச்சு."

அப்புறம் பொறுமையாக விளக்கினார். விதிப்படி ஓர் ஆளுக்கு ஒரு தகுதிதான். இரண்டு இருந்தால் மேலே உள்ளது கீழே உள்ளதை விழுங்கிவிடும். எனவே ஆணையத்தின் கண்ணில் சின்னவளுக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தெரியாது. அவள் முதுகலைப் பட்டதாரி. முதுகலைப் பட்டதாரி கிடங்கில் வண்டி ஓட்டினால் அது ஒரு சான்றிதழ்காரரின் வயிற்றில் அடிப்பது. அப்படியானால் பட்டத்துக்கு உரிய வேலையாவது இருக்கிறதா என்று சின்னவள் கேட்டாள். இல்லாமல் என்ன, இருக்கிறது. பட்டதாரிகளுக்கு ஏன் வேலை இல்லை என்று ஆராய்வதற்கு ஒரு பதவி. அதில் ஆள் இருந்தார்.

சின்னவள் தலையைச் சொறிந்துகொண்டு நின்றாள். பட்டத்தைக் கிழித்துப் போட்டுவிட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டாள். குமாஸ்தா பதறிப்போய், காகிதத்தைக் கிழித்தால் குற்றம், தகுதியைத்தான் காலி செய்ய வேண்டும் என்றார். பட்டம் என்பது அறிவு. அறிவு போய்விட்டது என்று நிரூபித்தால் பட்டமும் போய்விடும். அதே பல்கலைக்கழகத்தில் அதே பரீட்சையை மறுபடி எழுதி ஃபெயிலாகிவிட்டு வரவேண்டியதுதான்.

வீட்டில் இதைச் சொன்னபோது அத்தான் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். அந்த வீட்டில் அது ஒரு பெரிய மரியாதை. "இத்தனை வருஷத்துல உனக்கு லட்டு மாதிரி ஒரு சான்ஸ் வந்திருக்கு. நீ படிச்ச லட்சணத்துக்கு ஃபெயிலாகறது ஒரு விஷயமா?" என்றார். அக்கா மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். சின்னவள் பட்டம் வாங்கிய அன்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் அவள்தான்.

முதல் தடவை சின்னவள் ரொம்பச் சுலபமாக வேலையை முடித்தாள். பரீட்சை அறைக்குள் போய், விடைத்தாளில் எண்ணை எழுதி, மீதியை வெள்ளையாகவே கொடுத்துவிட்டு வந்தாள். வரும் வழியிலேயே வாடகைக்கு அறை பார்த்தாள். ஜன்னல் சின்னது, ஆனால் தாழ்ப்பாள் நல்ல கனம். முடிவு வந்தது. பாஸ்.

வெறும் தாளுக்கு மதிப்பெண்ணா என்று அவள் பல்கலைக்கழகத்துக்கு ஓடினாள். தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரி அவளை உட்காரச் சொல்லி, விடைத்தாளை எடுத்துக் காட்டினார். கையெழுத்து எங்கேயும் அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்ததற்குச் சில மதிப்பெண். தவறான விடை ஒன்றுகூட இல்லாததற்குச் சில. மீதி கருணை மதிப்பெண்.

இரண்டாம் தடவை அவள் உஷாராகிவிட்டாள். தப்பான விடை வேண்டும், அவ்வளவுதானே? அதிகாரப் பகிர்வு பற்றி விரிவாக எழுதுக என்று கேள்வி வந்தது. சின்னவள் ஃபோர்க்லிஃப்ட் பாடத்தை அப்படியே இறக்கிவிட்டாள். பாரத்தைத் தூக்கியதும் தாழ்த்தித் தரையை ஒட்டியே கொண்டுபோக வேண்டும், உயரத்தில் வைத்துக்கொண்டு திரும்பினால் வண்டி கவிழும், தூக்கிய கையின் அடியில் யாரையும் நிற்க விடக் கூடாது, பின்னால் ஆள் இருக்கிறாரா என்று பார்க்காமல் பின்வாங்கக் கூடாது. பக்கம் பக்கமாக எழுதி, பேட்டரியில் தண்ணீர் ஊற்றும் முறையையும் சேர்த்துவிட்டு, நிம்மதியாக எழுந்து வந்தாள்.

முதல் வகுப்பு. அதிகாரத்தின் இயல்பை எளிய மக்களின் மொழியில் இதுவரை யாரும் இப்படி விளக்கியதில்லை என்று திருத்தியவர் ஓரத்தில் எழுதியிருந்தார். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும் பகுதியை மக்கள் நலத்திட்டம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார் போலிருக்கிறது. அதற்குத் தனியாக மதிப்பெண் இருந்தது.

இந்தத் தடவை சின்னவள் அதிகாரியின் மேஜைமுன் அழுதே விட்டாள். கிடங்கு மேலாளர் ஏற்கெனவே போன் செய்து, கணக்கெடுப்பு நெருங்குகிறது, வேறு ஆளைப் பார்க்கட்டுமா என்று கேட்டிருந்தார். என்னை எப்படியாவது ஃபெயிலாக்கிவிடுங்கள் சார் என்று கெஞ்சினாள். அதிகாரிக்கு நிஜமாகவே மனசு இளகிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார்.

"எனக்குப் புரியுதும்மா. ஆனா நம்ம யுனிவர்சிட்டியோட தேர்ச்சி விகிதம் நூத்துக்கு நூறு. எத்தனை கஷ்டப்பட்டு இதைக் கொண்டுவந்தோம் தெரியுமா? முன்னாடியெல்லாம் பசங்க படிச்சா பாஸ், படிக்கலைன்னா ஃபெயில்னு எங்க முடிவு அவங்க கையில இருந்துச்சு. எவனோ ஒருத்தன் படிக்காததுக்கு நாங்க தண்டனை அனுபவிக்கணுமா? இப்ப அந்தப் பொறுப்பை முழுசா நாங்களே ஏத்துக்கிட்டோம். அறிவைச் சோதிக்கிறதுக்குன்னா நாங்க பரீட்சை வைக்கிறோம்? அதெல்லாம் வெளியில வேலை தர்றவங்க பார்த்துக்கட்டும். அவங்களும் பார்க்கறதில்லன்னு கேள்வி."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். அங்கே இருந்த ஆபீஸ் பியூன், யாரும் கேட்காமலே ஒரு தகவல் சொன்னார். அவருடைய சர்வீஸில் ஃபெயிலானது ஒரே ஒரு ஆள்தான். "அந்தாளு பாவம், நெஜமாவே படிச்சுட்டு வந்துட்டாரு" என்றார்.

சின்னவளுக்கு அதுவரை அப்படி ஒரு வழி இருப்பதே தோன்றவில்லை. தோன்றியிருந்தால் கல்லூரியிலேயே தோன்றியிருக்கும். நேராக நூலகத்துக்குப் போனாள். கைடு இல்லை, அந்தக் கைடுகள் எந்தப் புத்தகங்களைப் பிய்த்துச் செய்தவையோ அந்தப் புத்தகங்கள் வேண்டும் என்று கேட்டாள். நூலகர் தூசி தட்டி எடுத்துக் கொடுத்துவிட்டு, எந்தப் பிரிவில் ஆராய்ச்சி என்று விசாரித்தார். ஃபெயிலாகப் படிக்கிறேன் என்றாள் அவள்.

முதல் புத்தகம் சவசவ என்று இருந்தது. இரண்டாவதில் ஓர் இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் அங்கே பெண் குமாஸ்தாவைப் பற்றி எழுதியிருந்தது. பெயர்தான் இல்லை. மூன்றாவதைப் படித்தபோது கோபம் வந்தது. மனிதர்கள் ஒழுங்காக வாழ வேண்டும் என்று தாங்களே உண்டாக்கிய ஒன்று எப்படி அவர்கள் தலைமேலேயே ஏறி உட்கார்ந்துகொள்கிறது என்று யாரோ ஒருவர் என்றைக்கோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார். இதைத்தான் அவள் ஐந்து வருடம், அ, ஆ, இ என்று வரிசை போட்டு ஒப்பித்திருந்தாள். அத்தானின் செய்திச் சேனலுக்கு எதிரே, இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு படித்தாள். கத்துகிற நாலு பேரும் எதைப் பற்றிக் கத்துகிறார்கள் என்பதே தங்களுக்குத் தெரியாமல் கத்துகிறார்கள் என்று முதல் முறையாகப் புரிந்தது. ஒருநாள் அதை அத்தானிடம் சொல்லியும் விட்டாள். அவர் சேனலை மாற்றினார்.

"ஏன்டி, ஃபெயிலாகறதுக்கா இவ்வளவு படிக்கிற? பாஸாகறதுக்குக்கூட இவ்வளவு படிக்கலையே நீ" என்று அக்கா கேட்டாள்.

"அதான்க்கா எனக்கும் கஷ்டமா இருக்கு."

மூன்றாம் தடவை வந்த கேள்வி, அரசு என்றால் என்ன? விளக்குக. கைடின்படி அதற்கு நாலு வரி விடை. சின்னவள் கூடுதல் தாள் கேட்டு வாங்கி வாங்கி எழுதினாள். படித்ததை எழுதினாள், படித்தவற்றில் எது தவறு என்று தனக்குத் தோன்றியதை எழுதினாள், பட்டம் சான்றிதழை விழுங்கிய கதையை உதாரணமாக எழுதினாள். மணி அடித்து, கண்காணிப்பாளர் தாளைப் பிடுங்கியபோது அவளுக்கு இன்னும் சொல்ல இருந்தது.

விடை திருத்தும் முகாமில் அன்று ஒரு விபத்து நடந்தது. திருத்திக்கொண்டிருந்தவர் அவளுடைய விடையின் முதல் பக்கத்தைப் படித்தார், படித்தவர் இரண்டாம் பக்கத்தையும் திருப்பிவிட்டார். அந்த முகாமில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. டீ ஆறிப்போவது தெரியாமல் அவர் படிப்பதைப் பார்த்து, என்னவோ ஏதோ என்று பக்கத்துப் பேராசிரியர்களும் வந்தார்கள். அரசு என்றால் என்ன என்று அவர்களுக்குள் ஒரு வாக்குவாதம் மூண்டது. யாருக்கும் விடை பிடிபடவில்லை. திருத்தும் வேலை நின்று, கட்டுகள் தேங்கி, கடைசியில் ஒரு குழுவே உட்கார வேண்டியதாகிவிட்டது. இந்த விடை சரி என்றால் இத்தனை வருடமாகச் சரி என்று சொன்ன விடைகளின் கதி என்ன? மேலும், மாணவி விடைத்தாளில் மூன்று இடத்தில் கேள்வி கேட்டிருக்கிறாள். கேள்வி கேட்பது பல்கலைக்கழகத்தின் வேலை. ஃபெயில்.

நூறு சதவீதத்துக்குப் பங்கம் வராமலும் பார்த்துக்கொண்டார்கள். ஃபெயிலானவரை மாணவராகக் கருத முடியாது, எனவே மாணவர்கள் அனைவரும் தேர்ச்சி என்று குழு குறிப்பு எழுதியது. இந்த வழி முதலிலேயே ஏன் தோன்றவில்லை என்று கேட்பீர்கள். முதல் இரண்டு தடவையும் அவள் மேல் யாருக்கும் கோபம் வரவில்லை.

பட்டம் வாங்குவதற்கு விழா இருக்கும்போது திரும்பக் கொடுப்பதற்கு மட்டும் விழா இல்லாமல் போகுமா? ஆணையத்தின் கூடத்தில் சின்னவளுக்குக் கருப்பு அங்கியை மாட்டி, மேடைமேல் நிற்கவைத்தார்கள். அவள் முகத்தை மேடைப் பக்கமே வைத்துக்கொண்டு, படிப்படியாகப் பின்னோக்கி இறங்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒருவர் நின்று தொப்பியை, அங்கியை, கழுத்துத் துணியை உருவிக்கொள்வார். ஃபோர்க்லிஃப்ட் பழக்கத்தில் சின்னவள் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். பார்க்கக் கூடாது என்று அதட்டினார்கள். இறங்குவதற்கு முன்னால் ஆணையத் தலைவர் பேசினார்.

"பட்டம் உயர்ந்ததா, சான்றிதழ் உயர்ந்ததா என்று நம்மைக் கேட்கிறார்கள். இரண்டையும் இந்த ஆணையம் சமமாகவே நடத்தியிருக்கிறது. இரண்டுக்கும் வேலை கிடைக்காத நிலையில் நாம் ஒருபோதும் பாரபட்சம் காட்டியதில்லை. குறுகிய காலப் படிப்புதான் இந்தத் தேசத்தின் எதிர்காலம் என்று நான் மேடைதோறும் முழங்குகிறேன். என் சொந்த மகனே அதைப் படிக்க ஆசைப்பட்டான். ஓர் ஏழையின் இடத்தை நாம் பறிப்பதா என்று அவனைத் தடுத்து, பட்டம் படிக்க வெளிநாட்டுக்கு அனுப்பிய தகப்பன் நான். அவன் அழுதுகொண்டேதான் விமானம் ஏறினான். இன்று இந்தச் சகோதரி தன் பட்டத்தைத் துறக்கிறார். எனக்கும் துறக்க ஆசைதான். ஆனால் என்னிடம் இருப்பவை எல்லாமே கௌரவப் பட்டங்கள். அவற்றைப் பரீட்சை எழுதிப் பெறவில்லை என்பதால், பரீட்சை எழுதி இழக்கவும் வழியில்லை."

கைதட்டல் அடங்கியதும் சின்னவள் பின்னோக்கி இறங்கினாள். கடைசிப் படியில் கழுத்துத் துணியை உருவியபோது அவள் அதன் நுனியை ஒரு கணம் விடாமல் பிடித்துக்கொண்டாள். ஐந்து வருடம் படிக்காமல் பட்டம் வாங்கியபோது யாரும் எதையும் கேட்கவில்லை. ஒரு மாதம் மனசாரப் படித்த பிறகு, படித்ததற்காகப் பிடுங்குகிறார்கள். கூடத்தின் கடைசி வரிசையில் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். எதிரே நீட்டிய உறுதிமொழியில் சின்னவள் கையெழுத்துப் போட்டாள். துறந்த பாடத்தின் அறிவை இனி வைத்திருக்க மாட்டேன், ஆய்வாளர் வந்து சோதித்தால் ஒத்துழைப்பேன், அறிவு மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டால் வேலையை இழப்பேன்.

சான்றிதழ் பட்டத்தின் வயிற்றிலிருந்து வெளியே வந்தது. முத்திரை விழுந்தது. கணக்கெடுப்புக்கு முந்தின வாரம் சின்னவள் வேலையில் சேர்ந்தாள். மேலாளர் சொன்ன வாக்கு மாறாமல் வண்டியை அவளிடமே கொடுத்தார். சின்ன ஜன்னல் அறைக்குக் குடிபோன அன்று தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுத் திறந்து பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் நூலகப் புத்தகங்கள் இருந்தன. தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டுதான் அவற்றை எடுத்தாள்.

ஆய்வாளர் ஒரு மத்தியானம் கிடங்குக்கு வந்தார். ஒல்லியான மனிதர், வியர்த்துப் போயிருந்தார். சின்னவள் வண்டியை நிறுத்தி, தூக்கியிருந்த சோப்புப் பெட்டிகளைத் தரைக்கு இறக்கிவிட்டு, இருக்கையில் நேராக உட்கார்ந்தாள். மேலாளர் எட்ட நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். ஆய்வாளர் காகிதத்தைப் பார்த்துக் கேள்வியை வாசித்தார்.

"அரசு என்றால் என்ன?"

சின்னவளுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, பரீட்சையில் எழுதாமல் விட்டதும் சேர்ந்து வரிசையாக வந்து நின்றது. அந்த அறையை நினைத்துக்கொண்டாள்.

"தெரியாது சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்கறதில்ல சார் இப்பல்லாம்."

ஆய்வாளர் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, நகலை அவளிடம் கொடுத்தார். கொடுத்தவர் போகவில்லை. மேலாளர் நகர்ந்துவிட்டாரா என்று பார்த்துவிட்டு, வண்டியருகே வந்து குரலைத் தாழ்த்தினார். அவருக்குப் பதவி உயர்வு நிற்கிறதாம், அதற்கு இதே பட்டம் வேண்டுமாம், அடுத்த வாரம் பரீட்சையாம். இந்தக் கேள்வி கட்டாயம் வரும் என்கிறார்களாம்.

"கைடுல இருக்கறது ஒண்ணும் விளங்கலைம்மா. நீங்க நல்லாப் படிச்சவங்கன்னு ஆபீஸ்ல பேசிக்கிறாங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்."

சின்னவள் அந்த மனிதரைப் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது.

"தெரிஞ்சுக்காதீங்க சார், ஃபெயிலாயிடுவீங்க" என்று சொல்லிவிட்டு, பாரத்தைத் தூக்கி, பின்னால் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு வண்டியை ரிவர்ஸ் எடுத்தாள்.